அமிலாய்டு புரதப் படிவு: வகைகள், காரணங்கள், விளைவுகள்

ஆய்வுச் சுருக்கம்

உடலில் கரைந்த நிலையில் பணியாற்றும் சில புரதங்கள் வடிவம் பிறழ்ந்து, கரையாத இழைகளாகத் திரண்டு, உறுப்புகளில் தேங்குவதை அமிலாய்டு படிவு என்பர். இப்படிவுகள் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே காட்சியளிக்கின்றன. ஆனால் அவற்றை உருவாக்கும் மூலப்புரதம் வகைக்கு வகை வேறுபடுகிறது; நோயின் போக்கும் மருத்துவமும் அப்புரதத்தைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே, ‘அமிலாய்டு உள்ளது’ என்று கண்டறிவதோடு நோயறிதல் நிறைவடைவதில்லை. அது எப்புரதத்தால் ஆனது என்பதையும் உறுதிசெய்தல் வேண்டும். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, அமிலாய்டு என்னும் பெயரின் வரலாறு, படிவு உருவாகும் முறை, முதன்மையான வகைகள், உறுப்புகளில் அவை ஏற்படுத்தும் விளைவுகள், வகையறியும் முறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அமிலாய்டு, முதற்புரதம், இலகு சங்கிலி, டிரான்ஸ்தைரெட்டின், காங்கோ சிவப்பு, வகையறிதல்

முன்னுரை

மனித உடலின் இயக்கத்திற்கு அடிப்படையாக அமைவன புரதங்கள். அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாகப் பிறக்கும் ஒவ்வொரு புரதமும், தனக்குரிய முறையில் மடிந்து ஒரு வடிவத்தைப் பெற்ற பின்னரே தன் பணியைச் செய்கிறது. அவ்வடிவத்திற்கான குறிப்பு அமினோ அமிலங்களின் வரிசையிலேயே அடங்கியுள்ளது என்பதை நிறுவியமைக்காகக் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 1972இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனினும், எல்லாப் புரதங்களும் எக்காலத்தும் தம் வடிவில் நிலைத்திருப்பதில்லை. வடிவம் பிறழும் புரதங்களை உடல் சிதைத்து அகற்றிவிடுகிறது. அகற்றும் ஆற்றலை மீறிப் பிறழ்ச்சி நிகழும்போது படிவு தொடங்குகிறது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயை அறிந்த பின் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்தறிய வேண்டும் என்று மருத்துவனுக்கு உணர்த்துகிறது. அமிலாய்டு நோய்களுக்கு இவ்வறிவுரை முற்றிலும் பொருந்தும். இங்குப் படிவு என்பது நோயின் வெளிப்பாடு. அப்படிவுக்கு மூலமான புரதமே அதன் முதல். ஆதலால் அம்மூலப்புரதத்தை இக்கட்டுரை ‘முதற்புரதம்’ எனக் குறிக்கிறது.

1. பெயரும் அதன் வரலாறும்

ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ, 1854இல் மூளைத் திசுவில் கண்ட நுண்ணிய திரள்களின்மீது அயோடினையும் கந்தக அமிலத்தையும் இட்டபோது அவை நிறம் மாறின. மாவுப்பொருளும் அயோடினோடு சேர்ந்தால் நிறம் மாறும் இயல்புடையது. ஆகவே, மாவுப்பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்ட ‘அமிலாய்டு’ என்னும் பெயரை அவர் வழங்கினார். அதற்கு முன்பே தாவரவியலில் அச்சொல் வழக்கில் இருந்தது.

ஐந்தாண்டுகளுக்குள் இக்கருத்து மறுக்கப்பட்டது. 1859இல் ஃபிரெட்ரைக், கெக்குலே ஆகிய இருவரும் அமிலாய்டு நிறைந்த உறுப்பை வேதியியல் முறையில் ஆராய்ந்து, அதில் மாவுப்பொருள் இல்லை என்றும், அது புரதத் தன்மை உடையது என்றும் காட்டினர். பொருள் திருத்தப்பட்டபோதும் பெயர் திருத்தப்படவில்லை. இச்சொல்லை ‘மாவு’ என்னும் பொருள்பட மொழிபெயர்த்தால், கைவிடப்பட்ட ஒரு கருத்தைத் தமிழிலும் நிலைபெறச் செய்ததாகும். எனவே ஒலிபெயர்ப்பாகிய ‘அமிலாய்டு’ என்பதே இங்கு ஆளப்படுகிறது.

அடுத்த திருப்பம் துணிச்சாயத் தொழிலிலிருந்து வந்தது. பருத்தித் துணிக்கு நிறமூட்ட 1880களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட காங்கோ சிவப்பு என்னும் சாயம் அமிலாய்டில் ஒட்டிக்கொள்வதை 1922இல் பென்ஹோல்டு கண்டறிந்தார். அச்சாயமேற்ற படிவு தளவிளைவு ஒளியில் பச்சை நிறமாக ஒளிர்வதை 1927இல் டிவ்ரி எடுத்துரைத்தார். 1959இல் கோஹன், கால்கின்ஸ் ஆகியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் படிவு முழுவதும் மெல்லிய இழைகளால் ஆனது என்பதைக் கண்டனர். 1968இல் ஈன்ஸ், கிளென்னர் ஆகியோரின் எக்ஸ் கதிர் ஆய்வு, அவ்விழைகளில் புரதச் சங்கிலிகள் பீட்டா தகடு என்னும் அமைப்பில் அடுக்கப்பட்டிருப்பதை வெளிப்படுத்தியது.

2. புரதம் படிவாக மாறும் முறை

அமிலாய்டு இழை ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 10 நானோமீட்டர். அதன் நீளவாட்டிற்குச் செங்குத்தாகப் புரதச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏணிப்படிகளைப்போல் அடுக்கப்பட்டுள்ளன. இரு படிகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 0.47 நானோமீட்டர். எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் இவ்வடுக்கை இறுக்கிப் பிடித்துள்ளமையால், உடலின் புரதச் சிதைப்பு நொதிகள் இதனை எளிதில் கரைக்க இயலுவதில்லை. வெவ்வேறு முதற்புரதங்கள் இத்தகைய ஒரே வகை அடுக்கில் முடிவதால்தான் காங்கோ சிவப்பு எல்லா வகைகளிலும் ஒட்டுகிறது. அச்சாயம் அமிலாய்டு உண்மையைக் காட்டும். அதன் மூலத்தைக் காட்டாது.

இழை உருவாதல் இரு கட்டங்களில் நிகழ்கிறது. பிறழ்ந்த சில மூலக்கூறுகள் கூடி ஒரு கருவை அமைப்பது முதற்கட்டம்; இது மிக மெதுவாக நிகழும். கரு அமைந்தபின் பிற மூலக்கூறுகள் அதன் முனைகளில் விரைந்து சேர்வது இரண்டாம் கட்டம். பல்லாண்டுகள் அறிகுறியின்றி இருந்த நோய் வெளிப்பட்டபின் விரைந்து முற்றுவதற்கு இந்த இயக்கமும் ஒரு காரணமாகும்.

பிறழ்ச்சிக்கான காரணங்களை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, இயல்பான புரதமாயினும் அளவுக்கு மீறிச் சுரத்தல். நாட்பட்ட அழற்சியில் கல்லீரல் சுரக்கும் சீரம் அமிலாய்டு ஏ என்னும் புரதம் இதற்குச் சான்றாகும்.

இரண்டாவது, மரபணுத் திடீர்மாற்றத்தால் புரதத்தின் நிலைத்தன்மை குன்றுதல். ஓர் அமினோ அமிலம் மாறுவதே இதற்குப் போதுமானது.

மூன்றாவது, முதுமை. எவ்விதத் திடீர்மாற்றமும் இல்லாத டிரான்ஸ்தைரெட்டின் புரதம் முதியோரின் இதயத்தில் படிவது இவ்வகையைச் சாரும்.

நான்காவது, வெளியேற்றம் தடைப்படுதல். சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதியில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் தேங்குவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

3. முதன்மையான வகைகள்

அமிலாய்டாகப் படியும் மனிதப் புரதங்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை இதுவரை அறியப்பட்டுள்ளன. பன்னாட்டுப் பெயரிடு முறையில் ஒவ்வொரு வகைக்கும் ‘ஏ’ என்னும் முதலெழுத்தும், அதனையடுத்து முதற்புரதத்தின் சுருக்கமும் இடப்படுகின்றன. பெயரிலேயே முதற்புரதம் இடம்பெறுவது இம்முறையின் சிறப்பாகும். படிவு பல உறுப்புகளில் பரவினால் பரவுவகை எனவும், தோன்றிய இடத்திலேயே நின்றால் ஓரிடவகை எனவும் வழங்கப்படும்.

3.1 ஏ.எல். வகை

எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் கன சங்கிலி, இலகு சங்கிலி என இருவகைச் சங்கிலிகளால் ஆனது. ஒரே மூலத்திலிருந்து பெருகிய பிளாஸ்மா செல் கூட்டம் ஒன்று, நிலையற்ற இலகு சங்கிலிகளை இடையறாது சுரக்கும்போது அவை அமிலாய்டாகப் படிகின்றன. இவ்வகையின் மூலத்தைக் கிளென்னர் குழுவினர் 1971இல் உறுதிசெய்தனர். சிறுநீரகமும் இதயமும் மிகுதியாகத் தாக்கப்படுகின்றன. இதயம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நிலையில் சிகிச்சை தரப்படாவிடின் நோயாளர் சில மாதங்களே உயிர்வாழ்வர். ஆகவே இவ்வகையில் ஒவ்வொரு வாரத் தாமதமும் பொருட்படுத்தத்தக்கது.

3.2 ஏ.ஏ. வகை

அழற்சியின்போது கல்லீரலில் சுரக்கும் சீரம் அமிலாய்டு ஏ, இயல்பு நிலையைவிட ஆயிரம் மடங்குவரை உயரக்கூடும். அழற்சி சில நாள்களில் தணிந்தால் இதனால் தீங்கில்லை. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அப்புரதத்தின் துண்டுகள் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் படிகின்றன. மேலை நாடுகளில் முடக்குவாதம் போன்ற மூட்டழற்சி நோய்கள் இதற்கு முதன்மைக் காரணங்களாக விளங்க, இந்தியாவில் காசநோய் முதன்மையான இடம் பெறுகிறது. தொழுநோய், எலும்பில் நீடிக்கும் சீழ்த்தொற்று, மூச்சுக்குழல் விரிவு நோய் ஆகியனவும் இவ்வகைக்கு வித்திடுகின்றன.

நெடுங்காலம் காசநோயுற்ற ஒருவருக்குக் கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் தோன்றுமாயின், அதனை உடல் மெலிவின் விளைவாக மட்டும் கொள்ளுதல் கூடாது. சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்னும் எளிய சோதனையே இந்நோயின் முதற்குறிப்பைத் தந்துவிடும்.

3.3 ஏ.டி.டி.ஆர். வகை

டிரான்ஸ்தைரெட்டின் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் புரதம். தைராக்சின் ஹார்மோனையும் வைட்டமின் ஏ சத்தையும் குருதியில் சுமந்து செல்வது. நான்கு அலகுகள் கூடிய இதன் கட்டமைப்பு தளர்ந்து, அலகுகள் தனித்தனியே பிரிவதே இழை உருவாதலின் தொடக்கமாகும்.

இவ்வகையில் மரபுவழி, முதுமைவழி என இரு பிரிவுகள் உண்டு. போர்ச்சுகல் நாட்டின் வடகரையில் மீனவக் குடும்பங்களிடையே தலைமுறை தலைமுறையாகக் காணப்பட்ட நரம்பு நோயைக் கொரினோ அன்றாடே 1952இல் விவரித்தார். கால்களில் உணர்விழப்பாகத் தொடங்கி மேல்நோக்கிப் பரவிய அந்நோய்க்கு, டிரான்ஸ்தைரெட்டினின் முப்பதாம் இடத்தில் வேலினுக்கு மாற்றாக மெத்தியோனின் அமைந்ததே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. ஸ்வீடனிலும் ஜப்பானிலும் இதே திடீர்மாற்றம் காணப்படுகிறது. இன்று இப்புரதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திடீர்மாற்றங்கள் அறியப்பட்டுள்ளன.

முதுமைவழிப் பிரிவு பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்த ஆண்களின் இதயத்தைத் தாக்குகிறது. இதய அறிகுறிகளுக்குப் பல்லாண்டுகள் முன்னரே இரு மணிக்கட்டுகளிலும் நரம்பு நெரிபட்டு விரல்கள் மரத்துப்போதல் இதன் முன்னறிவிப்பாக அமைவதுண்டு.

3.4 டயாலிசிஸ் சார்ந்த வகை

பீட்டா-2 மைக்ரோகுளோபுலினைச் சிறுநீரகமே உடலிலிருந்து நீக்குகிறது. பழைய டயாலிசிஸ் சவ்வுகள் இப்புரதத்தைப் போதிய அளவு வெளியேற்றவில்லை. பல்லாண்டுகள் டயாலிசிஸ் பெற்றோரின் மூட்டுகளிலும் எலும்புகளிலும் படிவது இப்புரதமே என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1985இல் கண்டறிந்தனர். மிகுதியாக வடிக்கும் சவ்வுகளின் வருகைக்குப் பின் இதன் தாக்கம் குறைந்துள்ளது. உயிர்காக்கும் சிகிச்சையின் குறைபாடே நோய்க்கு வழிவகுத்ததும், காரணம் தெளிந்தபின் அச்சிகிச்சையே திருத்தப்பட்டதும் இங்கு எண்ணத்தக்கன.

3.5 ஓரிடவகைப் படிவுகள்

அலோய்ஸ் ஆல்சைமர் 1906இல் எடுத்துரைத்த மறதிநோயில், மூளையின் நரம்புச் செல்களுக்கு வெளியே பீட்டா அமிலாய்டு படிகிறது. இதன் புரதக்கூறை 1984இல் கிளென்னரும் வோங்கும் பிரித்தெடுத்தனர். இதற்கான முதற்புரதத்தின் மரபணு 21ஆம் குரோமோசோமில் உள்ளது. அக்குரோமோசோம் மூன்றாக அமைந்த டவுன் நோய்க்குறி உடையோரிடம் இளவயதிலேயே இப்படிவு தோன்றுவது, மிகைச்சுரப்பிற்கும் படிவிற்கும் உள்ள தொடர்பைப் புலப்படுத்துகிறது. எனினும், இந்நோயில் செல்களுக்குள் சிக்குண்ட டௌ என்னும் புரதத்திற்கும் பங்குண்டு. அறிவாற்றல் இழப்பு முழுவதையும் அமிலாய்டின் மேலேற்றிக் கூற இயலாது.

இரண்டாம் வகை நீரிழிவு நோயாளர் பலரின் கணையத்தில் காணப்படும் படிவு, அமிலின் என்னும் ஹார்மோனால் ஆனது என்பது 1987இல் வெளிப்பட்டது. இன்சுலினைச் சுரக்கும் செல்களே அமிலினையும் சுரக்கின்றன.

தோலில் மட்டும் தோன்றும் அமிலாய்டு ஆசிய நாடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. மேல்முதுகிலும் கைகால்களிலும் அரிப்போடு கூடிய பழுப்புத் திட்டுகளாக அது வெளிப்படும். குளிக்கும்போது நைலான் நாரால் அழுந்தத் தேய்த்தலும் நீண்டகாலச் சொறிதலும் இதனோடு தொடர்புடையன. மேல்தோல் செல்களின் கெரட்டினிலிருந்து தோன்றும் இப்படிவு உள்ளுறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ‘அமிலாய்டு’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நோயாளர் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கும், வகையறிதல் இன்றியமையாதது என்பதற்கும் இது நல்ல சான்றாகும்.

4. உறுப்புகளில் ஏற்படும் விளைவுகள்

படிவு இரு வழிகளில் தீங்கு செய்கிறது. இழைகள் செல்களுக்கு இடையே நிறைந்து உறுப்பின் நெகிழ்வைக் குலைப்பது ஒன்று. இழையாக முற்றாத சிறு திரள்கள் செல்களுக்கு நேரடியாக நஞ்சாக அமைவது மற்றொன்று. ஏ.எல். வகையில் இலகு சங்கிலிகளின் சுரப்பு குறைந்தவுடன், படிவு நீங்கும் முன்னரே இதயநிலை முன்னேறுவது இரண்டாவது வழிக்குச் சான்று பகர்கிறது.

சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகளில் படியும்போது புரதம் சிறுநீரில் கசிகிறது; உடல் வீங்குகிறது; இறுதியில் சிறுநீரகம் செயலிழக்கிறது. இதயத்தில் படியும்போது சுவர்கள் தடித்து விறைப்பதால் குருதி நிறைவது தடைப்படுகிறது. எக்கோ ஆய்வில் சுவர் தடித்துக் காணப்பட, ஈ.சி.ஜி. பதிவில் மின்னலைகளின் உயரம் பெரும்பாலும் குன்றியோ சுவரின் தடிமனுக்கு ஒவ்வாமலோ இருக்கும். தசை பெருத்தால் மின்னலை உயர்வதே இயல்பு. இங்குப் பெருத்தது தசையன்று. இம்முரண்பாடு நோயறிதலுக்குரிய முக்கியத் தடயமாகும்.

நரம்புகளில் படியும்போது உணர்விழப்பும், எழுந்து நிற்கையில் குருதியழுத்தம் சரிந்து மயங்குதலும், மாறி மாறி வரும் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் ஏற்படுகின்றன. நாக்கு பெருத்தலும் கண்களைச் சுற்றிக் குருதி கன்றுதலும் ஏ.எல். வகையைச் சுட்டும் சிறப்புக் குறிகள். இவற்றை ஒவ்வொன்றாக நோக்கின், சிறுநீரக நோய், இதயநோய், நரம்பு நோய் எனத் தனித்தனியே தோன்றும். நோயாளர் பல துறை மருத்துவர்களிடம் அலைந்து காலம் கழிவதற்கு இதுவே காரணம்.

5. வகையறியும் முறைகள்

வயிற்றுத் தோலடிக் கொழுப்பு, எலும்பு மஜ்ஜை அல்லது பாதிக்கப்பட்ட உறுப்பிலிருந்து சிறு திசு எடுத்துக் காங்கோ சிவப்பு ஏற்றி, தளவிளைவு ஒளியில் நோக்குவது முதற்படி. அடுத்து முதற்புரதத்தை அறிய வேண்டும். குருதியிலும் சிறுநீரிலும் ஒற்றைமூல இலகு சங்கிலிகள் உள்ளனவா என்று தேடுதல், எதிர்ப்பொருள்களால் திசுவைச் சோதித்தல், மரபணு வரிசையறிதல் ஆகியன பயன்படுகின்றன. படிவை லேசர் கதிரால் வெட்டியெடுத்து நிறைநிறமாலை முறையில் அதன் புரதத்தை நேரடியாக இனங்காணுதல் இன்றைய நிலையில் மிக நம்பகமான முறையாகும். குருதியிலும் சிறுநீரிலும் ஒற்றைமூலப் புரதம் இல்லாத நிலையில், டெக்னீசியம் கலந்த எலும்பு நாடும் மருந்தை இதயம் மிகுதியாக ஈர்ப்பதைக் கதிர்ப்படத்தில் கண்டு, திசு எடுக்காமலேயே ஏ.டி.டி.ஆர். இதய நோயை உறுதிசெய்யவும் இயலும்.

இந்நிபந்தனை மிக முக்கியமானது. ஐம்பது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரின் குருதியில் தீங்கற்ற நிலையிலேயே ஒற்றைமூலப் புரதம் காணப்படலாம். அத்தகைய ஒருவருக்கு டிரான்ஸ்தைரெட்டின் படிவு இருப்பின், அவ்விரண்டையும் இணைத்து ஏ.எல். வகை எனப் பிழையாக முடிவுசெய்ய நேரிடும். லண்டனில் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வொன்றில், ஏ.எல். வகை எனக் கருதப்பட்ட 350 நோயாளரை மரபணு முறையில் சோதித்தபோது, 34 பேரிடம் மரபுவழி அமிலாய்டுக்குரிய திடீர்மாற்றம் இருந்தது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் தமக்குத் தேவையற்ற புற்றுநோய் மருந்துகளைப் பெறும் நிலையில் இருந்தனர் என்பது இதன் பொருள்.

6. வகைக்கேற்ற மருத்துவம்

ஏ.எல். வகையில் பிளாஸ்மா செல்களை ஒடுக்கும் மருந்துகள் தரப்படுகின்றன. போர்டிசோமிப் முதலியவற்றோடு தாரதுமுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்தைச் சேர்த்தளிக்க அமெரிக்காவில் 2021இல் ஒப்புதல் கிடைத்தது. ஏ.ஏ. வகையில் அழற்சிக்கு மூலமான நோயைத் தீர்ப்பதே மருத்துவம். காசநோய்க்கு உரிய முழுச் சிகிச்சை இங்கு அமிலாய்டைத் தடுக்கும் சிகிச்சையாகவும் ஆகிறது.

மரபுவழி ஏ.டி.டி.ஆர். நோய்க்கு 1990இல் ஸ்வீடனில் கல்லீரல் மாற்று அறுவை தொடங்கப்பட்டது. அகற்றப்பட்ட கல்லீரல் பிறவகையில் நன்கு இயங்கியமையால், வேறு வழியற்ற நோயாளர்களுக்கு அது பொருத்தப்பட்டது. அவ்வாறு பெற்றவர்களுள் சிலருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அமிலாய்டு நோய் தோன்றியது. முதற்புரதம் எங்கு உருவாகிறதோ அங்கிருந்தே நோய் பிறக்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. பின்னர், அப்புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கும் பட்டிசிரான் 2018இலும், நான்கலகுக் கட்டமைப்பைத் தளராமல் பிடிக்கும் டஃபாமிடிஸ் இதய நோய்க்கென 2019இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆல்சைமர் நோயில், படிவை அகற்றும் லெக்கானிமாப் 2023இல் முழு ஒப்புதல் பெற்றது. 18 மாத ஆய்வில் அது அறிவாற்றல் சரிவை ஏறத்தாழ 27 விழுக்காடு தாமதப்படுத்தியது. மூளை வீக்கம், குருதிக்கசிவு ஆகிய பக்கவிளைவுகளும் காணப்பட்டன.

ஒரு வகைக்குரிய மருந்து பிற வகைக்குப் பயன்படாது. பிளாஸ்மா செல்களை அழிப்பதால் டிரான்ஸ்தைரெட்டின் குறையாது. டஃபாமிடிஸ் இலகு சங்கிலிகளைத் தடுக்காது.

முடிவுரை

அமிலாய்டு என்பது ஒரு நோயின் பெயரன்று. பல புரதங்கள் சென்று சேரும் பொதுவான ஓர் இறுதி வடிவத்தின் பெயர். மிகைச்சுரப்பு, திடீர்மாற்றம், முதுமை, வெளியேற்றத் தடை ஆகியவற்றால் முதற்புரதங்கள் அவ்வடிவை எய்துகின்றன. படிவின் தோற்றம் ஒன்றாயினும் மூலம் வேறாதலின், வகையறியாது தொடங்கும் மருத்துவம் பயனற்றுப்போவதோடு தீங்காகவும் முடியும்.

நிறைநிறமாலைக் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதன்று. ஆயினும், சிறுநீர்ப் புரதச் சோதனை, எக்கோ பதிவையும் ஈ.சி.ஜி. பதிவையும் அருகருகே வைத்து நோக்குதல், காங்கோ சிவப்புச் சாயமேற்றல் ஆகியன எளியவை. ஐயம் எழுந்தால் இவை முதற்படியைக் காட்டும். அதன்பின் உரிய மையத்தில் வகையை உறுதிசெய்துகொள்ளலாம். முதலில் எழ வேண்டியது அந்த ஐயமே. மாவு எனத் தவறாகக் கருதப்பட்டுப் பெயர்பெற்ற ஒரு பொருளை, அதன் மூலத்தைக் கொண்டு அறிய வேண்டும் என்பதே ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த இவ்வாய்வு வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.